லங்காரா தீவில் சால்மன்

கனடாவின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஹைடா க்வாய் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு முனையில் இருக்கிறது லங்காரா. சாலை கிடையாது. நண்பர்களோடு இங்கே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். விடிவதற்குள் கடலுக்குப் போய்விடுகிறோம். ஹெர்ரிங் மீனின் தலையைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, உடலைத் தூண்டிலில் கோத்துவிட்டால், அடிபட்ட மீன் போல நீரில் சுழன்று சுழன்று போகும். சினூக் என்கிற பெரிய வகை சால்மன் அதைப் பார்த்துத்தான் பாய்கிறது. 30 பவுண்டு தாண்டினால் அதை ‘டையி’ என்பார்கள். இன்று அப்படி ஒன்று மாட்டியது! தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு அது ஓடிய ஓட்டத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. எதிர்முள் இல்லாத தூண்டில்முள்தான் இங்கே சட்டம், அதனால் சுலபமாகக் கழற்றி விட முடிந்தது. முட்டையிட, பிறந்த ஆற்றைத் தேடிப் போகிற மீன், முட்டையிட்டதும் இறந்துவிடும். அதுவரையாவது போகட்டும் என்று எல்லோருமே சொன்னோம். அப்புறம் கோஹோ என்கிற இன்னொரு வகை சால்மன் ஒன்று சிக்கியது, இரவுச் சாப்பாட்டுக்கு அது போதும்.