ஐ.என்.ஆர். எகிறினால் டோஸில் கை வைக்கும் முன்

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டில் அது 4.1 என்று வந்ததும் மாத்திரையைக் குறைப்பார்கள். அடுத்த வாரம் 1.6 வரும். உடனே கூட்டுவார்கள். இப்படி ஏற்றி இறக்கியே மாதங்களை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண் எப்படி வந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கான எண் இது. காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். இதயத்தில் மைட்ரல் வால்வு இருக்கும் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5. உங்கள் வரம்பு எது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேப் தாளில் அச்சாகியிருக்கும் ‘நார்மல்’ மருந்தே எடுக்காதவர்களுக்கானது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிளாஸ்மாவில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து, உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பதுதான் டெஸ்ட். அந்த ரசாயனம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேகம் காட்டும். இதைச் சமன்செய்யத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983-இல் ஐ.என்.ஆர். முறையைக் கொண்டுவந்தது. உங்கள் நொடியை இயல்பான நொடியால் வகுத்து, வரும் விடையை, அந்த ரசாயனத்தின் வேகத்தைக் குறிக்கும் ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவார்கள். உங்களுக்கு 26 நொடி, இயல்பு 13 நொடி என்றால் விகிதம் 2. ஐ.எஸ்.ஐ. 1.0 ஆக இருந்தால் ஐ.என்.ஆர். 2.0, அதுவே 1.4 ஆக இருந்தால் 2.6. புது ரசாயனத்தைத் திறந்த லேப், மெஷினில் பழைய ஐ.எஸ்.ஐ.யை மாற்ற மறந்தால் அன்றைக்கு வந்த அத்தனை பேரின் எண்ணும் ஒரே பக்கம் சாயும். எப்போதும் ஒரே லேப் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து டியூப். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். இளநீல மூடி போட்ட டியூபில், கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும், அதற்கு 2.7 மி.லி. ரத்தம், அதாவது ஒன்றுக்கு ஒன்பது. நரம்பு கிடைக்காமல் பாதியில் நிறுத்தி 1.5 மி.லி. மட்டும் எடுத்தால், மிஞ்சிய சிட்ரேட், டெஸ்டில் உறைய வைக்கச் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் தாமதமாக உறையும், எண் பொய்யாக ஏறும். குழாய் வைத்த பட்டாம்பூச்சி ஊசியில் எடுத்தால் குழாயிலுள்ள காற்று முதல் டியூபுக்குள் போய், அது கோடு வரை நிரம்பாது. அதனால் முதலில் ஒரு டியூபில் கொஞ்சம் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, இரண்டாவதைத்தான் அனுப்ப வேண்டும். எடுத்ததும் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது.

வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் மீட்டரில் விரலைப் பிழிவதுதான் வழக்கமான தப்பு. கையை வெந்நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, குத்தியவுடன் வரும் முதல் சொட்டை 15 நொடிக்குள் ஸ்ட்ரிப்பில் வையுங்கள். 4-க்கு மேல் காட்டினால் நரம்பில் எடுத்து லேபில் சரிபார்த்துவிடுவது நல்லது.

டெஸ்ட் சரி என்று தெரிந்த பிறகுதான் மாத்திரையைப் பற்றிய பேச்சு. நேற்று விட்ட மாத்திரை இன்றைய எண்ணில் தெரியாது. இரண்டு மூன்று நாள் ஆகும். ரத்தம் உறைய உதவும் புரதங்களில் 7-ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகும். 2-ஆம் காரணிக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் குறைந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும். ஆரம்ப நாட்களில் ஐ.என்.ஆர். சட்டென்று ஏறினாலும் முழுப் பாதுகாப்பு வராததற்கு இதுதான் காரணம். உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியைக் குறைந்தது 5 நாள் சேர்த்துப் போடுவதும் இதற்காகத்தான்.

கணக்கை வார மொத்தத்தில் போடுங்கள். தினம் 5 மி.கி. என்றால் வாரம் 35. வாரத்தில் ஒரே ஒரு நாள் பாதி மாத்திரை ஆக்கினால் 32.5, கிட்டத்தட்ட 7 சதவீதக் குறைப்பு. டாக்டர்கள் பெரும்பாலும் 5 முதல் 20 சதவீதத்துக்குள்தான் நகர்த்துவார்கள். நீண்ட நாள் நிலையாக இருந்தவருக்கு ஒரே ஒருமுறை எண் வரம்பை விட்டு 0.5-க்குள் விலகினால் பழைய டோஸையே தொடரச் சொல்லி, ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்பதும் உண்டு. மாத்திரையை மாலையில் எடுக்கச் சொல்வதில் ஒரு வசதி, காலை ரிப்போர்ட்டை வைத்து அன்றைக்கே மாற்றலாம்.

நான்கு நாள் மெட்ரோனிடசோல் போட்டதை யாரும் சொல்ல மாட்டார்கள், ‘அது வயிற்றுக்குத்தானே’ என்று. ஆனால் அதுவும் கோட்ரைமாக்ஸசோல், ஃபுளூகோனசோல், அமியோடரோன் ஆகியவையும் எண்ணை ஏற்றுபவை. ரிஃபாம்பிசின், கார்பமசெபின் இறக்கும். இவற்றை நிறுத்தும்போதும் எண் நகரும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கினால் மூன்று முதல் ஐந்து நாளில் ஒரு டெஸ்ட் எடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் கிடப்பது எல்லாமே ஏற்றிவிடும். கீரையை விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். ஐபுப்ரோஃபென் கொஞ்சம் நயவஞ்சகம்: ஐ.என்.ஆர். நன்றாகவே இருக்கும், வயிற்றில் ரத்தம் கசியும்.

கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, திடீர்த் தலைவலி: இவற்றுக்கு எண் எவ்வளவாக இருந்தாலும் நேராக மருத்துவமனைதான்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு வகை மருந்துகளான டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். உதவாது; 1.1 என்று வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. இவர்கள் பார்க்க வேண்டியது சிறுநீரகமும் ஹீமோகுளோபினும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்கள் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 75 வயது, 60 கிலோ, கிரியாட்டினின் 1.3 உள்ள ஆணுக்கு ஏறத்தாழ 42 வரும். 60-க்குக் கீழே போனால் அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் என்று கிடைக்கும். இவருக்கு நான்கு மாதம்.