410 டாலர் ஷவரும் மூன்று கேலன் ரோஸ்மில்க்கும்

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்து, திங்கட்கிழமை முழுவதும், வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடான எங்கள் டிரெய்லரின் அடியில் மல்லாந்து கிடந்துவிட்டு, கையில் ஒட்டிய பிசுக்கு முழுவதும் போவதற்குள் இதை எழுதுகிறேன். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே உள்ள டக்வாமெனான் அருவியைப் பற்றி எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அருவி அழகுதான், சீடர் மரச் சதுப்பு நிலங்களின் துவர்ப்பு ஊறிய தண்ணீர், பில்டர் காபி டிகாக்ஷன் நிறத்தில், ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் இந்தப் பயணம் முழுவதும் என் கவலை எங்கள் டிரெய்லரின் குழாய்களுக்குள் இருந்த தண்ணீரைப் பற்றியதாகவே இருந்தது.

அதற்குக் காரணம் கடந்த ஆண்டு. பனிக்காலம் தொடங்குமுன் டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி, குழாய்கள், கழிவுத் தொட்டிகள் அனைத்தையும் வடித்து, உறையாதபடி செய்து மூடி வைப்பதை இங்கே ‘வின்டரைஸ்’ செய்வது என்பார்கள். அதைச் செய்து தர ஒரு பணிமனை 180 டாலர் கேட்டது. இரண்டு குழாயைத் திறந்து மூடுவதற்கு 180 டாலரா என்று வீறாப்பாக நானே செய்தேன். ஏப்ரலில் பம்ப்பைப் போட்டதும் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. டிரெய்லரின் வெளிப்புறத்தில், சிறு கதவுக்குப் பின்னால், சேற்றுக் காலைக் கழுவுவதற்கென்று ஒரு கைஷவர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நாங்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத அந்த ஷவரின் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தேங்கியிருக்காது. அந்த ஒரு டம்ளர் உறைந்து விரிந்து பொருத்துமுனையைப் பிளந்துவிட்டது. பழுது பார்த்தவர் 410 டாலர் வாங்கினார். பாகத்தின் விலை 35 டாலர். மற்றதெல்லாம் சுவரைப் பிரித்து மூடிய கூலியாம்.

இந்த முறை குளிர் எங்களுக்கு முன்பே போய்க் காத்திருந்தது. அக்டோபர் நடுவில், அருவிக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு முகாமில் தங்கினோம். சனிக்கிழமை இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்று கைப்பேசி சொன்னதால், முகாமின் குழாயோடு இணைத்திருந்த ஹோஸைச் சாயங்காலமே கழற்றிவிட்டு, டிரெய்லரின் சொந்தத் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகத் தண்ணீர் எடுத்தோம். ஹோஸைச் சுருட்டி வைக்கச் சோம்பல்பட்டுத் தரையிலேயே விட்டிருந்தேன். காலையில் அதைத் தூக்கினால் கரும்புக்கட்டு போல விறைத்து நின்றது. உள்ளே ஹீட்டர் இரவெல்லாம் ஓடியதால் குழாய்கள் பிழைத்தன, சமையல் எரிவாயுதான் தீர்ந்தது. தண்ணீரைச் செலவழித்தால் கழிவுத் தொட்டி நிறையுமே என்ற பயத்தில் சமைக்கவும் இல்லை. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்த ‘பேஸ்டி’ என்ற, மாட்டிறைச்சியும் கிழங்கும் அடைத்த பெரிய சோமாசியைக் காகிதத்தில் வைத்தே சாப்பிட்டோம். வயிறு நிறைந்தது என்பதைத் தவிர அதைப் புகழ என்னிடம் ஒன்றும் இல்லை; கொண்டுபோயிருந்த இட்லிப்பொடிதான் காப்பாற்றியது.

முகாமில் கழிவுகளைக் கொட்டும் இடம் பருவம் முடிந்துவிட்டதென்று மூடப்பட்டிருந்தது. இரண்டு கழிவுத் தொட்டிகளும் தலா 30 கேலன். நிறைந்திருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 250 பவுண்டு எடை. அந்தச் சுமையோடு, 1957-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஐந்து மைல் நீளமுள்ள மேக்கினா பாலத்தைக் காற்றில் கடக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே நெடுஞ்சாலையோரத்துத் தனியார் முகாம் ஒன்றில் நிறுத்தினோம். கொட்டுவதற்கு மட்டும் 30 டாலர்! ஒரு குழியின் மூடியைத் திறந்துவிடுவதற்கு அவ்வளவு பணம் வாங்குகிறவர்கள், குழாயில் நல்ல அழுத்தத்தோடு தண்ணீராவது வர வைத்திருக்கலாம். பேரம் பேசிப் பார்த்தேன். அங்கே பணம் வாங்கிய அம்மாள் சிரித்தபடியே, அடுத்த இடம் ஐம்பது மைல் தள்ளி இருக்கிறது என்றார். பணத்தைக் கொடுத்தேன்.

இந்த வேலையில் வரிசை மாறக் கூடாது. முதலில் கழிவறைத் தொட்டி, அதன் பிறகே குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி. அப்போதுதான் பின்னால் வரும் சோப்புநீர், முன்னால் போனதன் எச்சத்தைக் குழாயிலிருந்து அலசிக்கொண்டு போகும். ஓடுகிற சத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. கழிவறைத் தொட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, வெளியேறுவது தெளிவாகும் வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். அடியில் தங்கும் மண்டி பனிக்காலம் முழுவதும் காய்ந்து இறுகினால், வசந்தத்தில் அதைக் கரைக்க எந்த மருந்தாலும் எளிதில் முடியாது. நான் ஐந்து முறை அலசினேன். கொடுத்த 30 டாலருக்கு அந்த ஆறுதலாவது வேண்டாமா? பாலத்தில் காற்று எச்சரிக்கை இருந்ததால், எங்களைப் போன்ற உயரமான வண்டிகள் 20 மைல் வேகத்தில்தான் ஊர்ந்தன. தொட்டிகள் காலியாக இருந்தது நிம்மதியாக இருந்தது.

டெட்ராய்ட் புறநகரில் எங்கள் குடியிருப்போர் சங்கம், வீட்டு வாசலில் டிரெய்லரை 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்த விடாது. வாடகைக்கு எடுத்திருக்கும் நிறுத்துமிடத்திலோ தண்ணீரும் இல்லை, மின்சாரமும் இல்லை. எனவே திங்களன்று விடுப்பு எடுத்தேன். முதல் வேலை வெந்நீர்க் கொதிகலன். அதன் எரிவாயுவையும் மின்சாரத்தையும் அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடியில் உள்ள திருகைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது கை வைத்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அந்தத் திருகோடு ஒட்டி வருவது, தொட்டியின் இரும்பு அரிக்காமல் தன்னையே அரிக்கக் கொடுக்கும் ஓர் உலோகக் கம்பி. எங்களுடையது முக்கால்வாசி தின்னப்பட்டு நூலாகியிருந்தது. புதிய கம்பி 17 டாலர்.

பிறகு, தண்ணீர்த் தொட்டியின் வடிகாலையும், குழாய்களின் மிகத் தாழ்ந்த இடத்தில் சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் தனித்தனியாக இருக்கும் இரண்டு வடிகால்களையும் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கம்ப்ரஸரை இரவல் வாங்கி, அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதினேன். காற்று போதும், உறையாமல் தடுக்கும் மருந்து எதற்கு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கடந்த ஆண்டு நானும் அந்தக் கட்சிதான். வளைவுகளிலும் பம்ப்புக்குள்ளும் தங்கிவிடும் நீரைக் காற்று முழுவதும் தள்ளுவதில்லை. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. மூடிய குழாய்க்குள் அந்தப் பனிக்கட்டி இடம் தேடும்போது விட்டுக்கொடுப்பது பொருத்துமுனையும் பிளாஸ்டிக் வால்வும்தான்.

ஆகவே இம்முறை அந்த மருந்தை, அதாவது இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை, மூன்று கேலன், கேலன் 6 டாலர் வீதம் வாங்கினேன். இது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்தது. காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், இந்தக் குழாய்களின் பக்கமே அது வரக் கூடாது. புட்டியின் மேல் −50 டிகிரி பாரன்ஹீட் என்று போட்டிருந்தாலும், அதற்கு வெகு முன்பே இது கூழாகிவிடும். குழாயை உடைக்கும் கெட்டிப் பனியாக மாறாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மருந்து கொதிகலனுக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வை மட்டும் முதலில் திருப்பிவிட வேண்டும். மறந்தால், நீங்கள் வாங்கிய மூன்று கேலனையும் அந்த ஆறு கேலன் கொதிகலனே குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

பம்ப்பின் உறிஞ்சுகுழாயைப் புட்டிக்குள் விட்டு, சமையலறைக் குழாயைத் திறந்தோம். இருமல் போல இரண்டு முறை காற்று, பிறகு தெளிந்த நீர், பிறகு பளீரென்று இளஞ்சிவப்பு. “அப்பா, ரோஸ்மில்க்!” என்று மகள் கத்தினாள். அதன் பிறகு ஒவ்வொரு குழாயிலும் ரோஸ்மில்க் வந்ததா என்று ஓடி ஓடிப் பார்த்தது அவள்தான்: சூடு, குளிர், குளியலறை, கழிவறை. “வெளி ஷவரை மறந்துடாதீங்க” என்று மனைவி இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை குரலில் 410 டாலர் தெரிந்தது. அதன் சூட்டுக் குழாயையும் குளிர்க் குழாயையும் தனித்தனியாகத் திறந்து, இளஞ்சிவப்பு பாதையில் வழிந்தோடும் வரை விட்டேன். முகாம் தண்ணீரை இணைக்கும் வாயில், வடிகட்டிக்குப் பின்னால், நீர் திரும்பாமல் தடுக்கும் ஒரு சிறு வால்வும் இருக்கிறது. பம்ப்பை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைத்து, அதைத் திருப்புளியால் மெல்ல அழுத்தி அங்கிருந்தும் நிறம் வரவழைத்தேன். கழுவுதொட்டிகளின் கீழே வளைந்த குழாய்களில் ஒவ்வொரு கோப்பை. கழிவுத் தொட்டிகளின் வால்வுகளில் தேங்கிய சொட்டு உறைந்து கெட்டுப்போகாதபடி அவற்றுக்குள்ளும் சிறிது ஊற்றினேன்.

கொட்டியதற்கு 30, கம்பிக்கு 17, மருந்துக்கு 18 என்று 65 டாலரில் முடிந்தது, என் விடுப்பை யாரும் கணக்கில் சேர்க்காவிட்டால். கொதிகலனின் மின் சுவிட்சின் மேல் ‘தண்ணீர் இல்லை, போடாதே’ என்று காகிதம் ஒட்டியிருக்கிறேன். காலித் தொட்டியில் அது எரிந்துபோக ஒரு நிமிடம் போதும். மிஞ்சிய அரைக் கேலன், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ரோஸ்மில்க் என்று ஒருமுறை சொன்ன குழந்தையை நம்ப முடியாது. செவ்வாய் மாலை டிரெய்லரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கழற்றி மடியில் வைத்தபடி வீடு திரும்பினோம்.