கியர் பாக்ஸைத் திறக்கும் முன்னும் திறந்த பின்னும்

மேனுவல் கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பவர்களிடம், தாராளமாக முடியும் என்றே சொல்லி வருகிறேன். அதற்குக் கருவிகளைக் காட்டிலும் முக்கியமானது, எது தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்தது என்று கண்டறியும் பொறுமை. காரணத்தைத் தேடாமல் புதிய பாகங்களை மட்டும் போட்டு மூடிய பெட்டியை, பெரும்பாலும் மறுபடியும் இறக்க வேண்டியதாகிவிடும்.

எனவே ஒரு போல்ட்டைத் தளர்த்தும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓட, நியூட்ரலில், கிளட்ச்சை மிதிக்காத நிலையில் இரைச்சல் கேட்டு, மிதித்ததும் அது அடங்கினால் இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் அது பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதற்காகப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். எல்லாக் கியர்களும் விழ அடம்பிடித்து, ரிவர்ஸ் கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுந்தால், கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர், பொதுவாக இரண்டாம் கியர், மட்டும் அரைத்தால் அப்போதுதான் சிங்க்ரோவை, அதாவது கியர் விழும் முன் வேகங்களைச் சமன் செய்யும் அமைப்பை, பற்றிப் பேச்சு.

இந்தச் சிங்க்ரோ 1928-இல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. பெட்டிக்குள் முன்னோக்கிய கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது நகர்வது பல்சக்கரம் அல்ல. அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் ஸ்லீவ்தான். அந்த ஸ்லீவ் பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். பித்தளை நிறத்திலுள்ள சிங்க்ரோ ரிங், சக்கரத்தின் கூம்புப் பரப்பில் உரசி வேகத்தைச் சமன் செய்கிறது. சமன் ஆகும்வரை தன் பற்களால் ஸ்லீவை மறித்தும் நிற்கிறது. ரிங்கின் உட்புறத்தில் உள்ள மெல்லிய வரிப்பள்ளங்கள், இடையில் நிற்கும் ஆயில் படலத்தை அறுத்து உலோகத்தை உலோகத்தோடு தொட வைக்கின்றன. அந்த வரிகளின் முனை மழுங்கி உட்புறம் பளபளவென்று ஆகிவிட்ட ரிங் வழுக்குமே தவிரப் பிடிக்காது.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ரிங்கைக் கூம்பின் மேல் வைத்து, சற்று ஆயில் தடவி, விரல்களால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். நல்ல ரிங் சட்டென்று கவ்விக்கொள்ளும். தேய்ந்தது சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு, அழுத்திப் பிடித்தபடியே ரிங்குக்கும் சக்கரத்தின் பூட்டுப் பற்களுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். பல பெட்டிகளில் புதியதில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி, அதில் பாதியளவுக்குக் குறைந்தால் ரிங் காலாவதி. ஆனால் உங்கள் பெட்டிக்குரிய சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணே இறுதியானது. கூம்பும் தேய்ந்து நீலம் பாரித்திருந்தால், புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது வேறு நோய். ஸ்லீவின் உட்பற்களும் சக்கரத்தின் பூட்டுப் பற்களும், சுமையில் ஒன்றையொன்று உள்ளிழுக்கும்படி பின்புறம் சற்றுக் குறுகலாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சரிவு தேய்ந்தால் பிடி போய்விடும். ஆனால் ஸ்லீவை நகர்த்தும் கவையான ஃபோர்க்கின் நுனி தேய்ந்தோ வளைந்தோ இருந்தாலும், லீவரை நிலைநிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்தாலும், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் உட்கார்ந்துவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும். ஆகவே ஸ்லீவை மாற்றுபவர் ஃபோர்க்கை அளக்காமல் விடக்கூடாது.

பிரிக்கும்போது ஃபோர்க் ராடுகளை உருவும் இடத்தில் எஃகுக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் துள்ளிப் பறக்கக் காத்திருக்கும். துளையின் மேல் துணியைப் போர்த்திக்கொண்டு மெல்ல உருவ வேண்டும். ராடுகளுக்கிடையே குறுக்காகக் கிடக்கும் சிறிய பின்கள் இன்னும் முக்கியமானவை. இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழாமல் தடுப்பவை அவையே என்பதால், ஒன்று விடுபட்டாலும் பெட்டி இறுகிப்போக நேரும். ஸ்லீவும் அதற்குள் ஷாஃப்ட்டில் அமரும் ஹப்பும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று பிரிக்கும் முன்பே அடையாளக் கோடு போட்டு, புகைப்படமும் எடுத்துவிடுங்கள். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களான ஷிம்களை இடம் மாற்றிப் போடவே கூடாது. பேரிங்கையோ கேஸையோ மாற்றினால், பழைய ஷிம்மே பொருந்தும் என்று நம்பாமல் மறுபடி அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகளின் தடத்தில் பள்ளம் விழுந்து, புதிய பேரிங்கே இரைய ஆரம்பிக்கும்.

பெட்டி திறந்திருக்கும் வேளையில் கியர் விகிதத்தை மாற்றலாமே என்ற ஆசை பலருக்கும் வரும். அது நியாயமான ஆசையே. முன்சக்கர இயக்கமுள்ள பல கார்களில் ஐந்தாம் கியர் ஓரத்து மூடிக்குப் பின்னால் தனியாக இருப்பதால், முழுப் பெட்டியையும் பிரிக்காமலே அதை மாற்ற முடிகிறது. ஒன்றோடொன்று கோத்த இரு சக்கரங்களையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் கடைசிப் பல்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவின் விகிதத்தை 4.1-இலிருந்து 3.7-க்கு மாற்றினால், முன்பு 3000 ஆர்பிஎம்மில் ஓடிய வேகத்தில் இப்போது சுமார் 2700-தான் இருக்கும். நெடுஞ்சாலையில் அது சுகம்; ஏற்றத்தில் சுமையோடு கிளம்பும்போது அதற்கான விலையைக் கிளட்ச் கொடுக்கும். ஸ்பீடோமீட்டர் பெட்டியிலிருந்து கணக்கெடுக்கும் காராக இருந்தால், அதன் கணக்கும் மாறிவிடும்.

மூடிய பெட்டியைக் காரில் ஏற்றும் முன், இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஏற்றும்போது பெட்டியின் எடையை ஒரு நொடியும் கிளட்ச் தகட்டில் தொங்கவிடக் கூடாது. தகட்டின் ஹப் வளைந்தால் கிளட்ச் சரியாக விடுபடாது.

ஆயிலைப் பொறுத்தவரை, சர்வீஸ் மேனுவல் ஜிஎல்-4 என்ற தர வகையைக் கேட்டால் ஜிஎல்-4-ஐயே ஊற்ற வேண்டும். எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-5 மேலானது என்று எண்ணிவிடக் கூடாது. அது, இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியலின் கடும் அழுத்தத்துக்காகக் கூடுதல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களோடு தயாரிக்கப்படுவது. அவற்றில் சில பித்தளை ரிங்கை அரிக்கக்கூடியவை, அந்த ஆயிலின் வழுவழுப்பும் ரிங்குக்குத் தேவையான உராய்வைக் குறைக்கக்கூடும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றி, போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் முடுக்கினால் போதும்.