சிஎன்சி பதிவு 7: மைனஸ் வேறு, எர்த் வேறு

மூன்று வாரமாக ஒரே தொல்லை. கணினி சொல்படி ஓடும் என் சிஎன்சி இயந்திரம் பத்து நிமிடம் ஒழுங்காக மரத்தைச் செதுக்கும். பிறகு பலகையின் நடுவில் சட்டென்று நின்று, திரையில் "அலாரம் 1" என்று காட்டும். ஓட்டத்தின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் அழுந்திவிட்டதாம். வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலோ எந்தச் சுவிட்சிலிருந்தும் ஒரு முழம் தள்ளி நிற்கிறது. ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு வெறுமனே ஓட்டினால் மணிக்கணக்கில் ஓடுகிறது. கோளாறு மென்பொருளில் இல்லை, மின் இணைப்பில் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். நானோ, இயந்திரத்தை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளை இரண்டு முறை மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: அலுமினியம் புரொஃபைல் சட்டம், மூன்று நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார்கள், அவற்றை ஓட்டும் மூன்று டிபி6600 டிரைவர்கள், ஜிஆர்பிஎல் ஏறியிருக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டு, 24 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பெட்டி), விஎஃப்டியில் (ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் பெட்டி) ஓடும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில். ஊனோவின் பவர் ஜாக்குக்கு 7 முதல் 12 வோல்ட் வரைதான் பரிந்துரை. 24ஐ நேராகக் கொடுக்க முடியாது. அதனால் வோல்டேஜைக் குறைக்கும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டரை 9 வோல்ட்டில் வைத்து ஊட்டுகிறேன்.

துப்பு கொடுத்தது அம்மா. பெருக்க வந்தவர் சட்டத்தைத் தொட்டுவிட்டு, "இதென்ன, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது?" என்றார். மல்டிமீட்டரில் சட்டத்துக்கும் சுவர் பிளக்கின் எர்த்துக்கும் இடையே 104 வோல்ட் ஏசி!

காரணம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெளியே மூன்று துளை. உள்ளே இரண்டே ஒயர். எர்த் துளை வெறும் அலங்காரம். எஸ்எம்பிஎஸ், விஎஃப்டி இரண்டிலும் மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் உடல் இந்த இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ பாதி வோல்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் எறும்புக் கடியோடு போயிற்று. உள்ளே இன்சுலேஷன் கிழிந்திருந்தால் சட்டம் முழுக்க 230 வோல்ட் நின்றிருக்கும், மின்னோட்டம் போக எர்த் வழி இல்லாததால் எம்சிபியும் (தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்காது. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டேன். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிளை 16 ஆம்பியர் பிளக்கில் கொடுத்தேன். ஒயர் முனையில் மாட்டும் ஒரே ஒரு லக்கை முறுக்கினால் சட்டம் முழுவதும் எர்த் ஆகிவிடும் என்று நினைத்தது அடுத்த தவறு. புரொஃபைலின் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ரிங் லக்கோடு பல் வாஷரும் வைத்த பிறகுதான், தொடர்பு இருப்பதாக மீட்டர் கூவியது. ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் கேன்ட்ரி ஓடுவதோ பிளாஸ்டிக் சக்கரத்தில். அதற்குத் தனியாகப் பச்சை-மஞ்சள் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பிண்டில் இன்னும் வேடிக்கை. அதன் பிளக்கில் நான்கு பின்கள் உண்டு. நான்காவது எர்த் என்று நம்பியிருந்தேன். உடலோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஸ்பிண்டிலைப் பிடிக்கும் கிளாம்பிலேயே லக் போட்டேன். விஎஃப்டியைத் திறப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் வடியும் வரை காத்திருங்கள்.

இப்போது அலாரம் பத்து நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தது. மிச்சம் என் ஒயரிங் சோம்பேறித்தனம்.

24 வோல்ட்டின் மைனஸை ஒரு டிரைவரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் பக் கன்வெர்ட்டருக்கு என்று மாலை கோப்பதுபோல் கொண்டுபோயிருந்தேன். லிமிட் சுவிட்சுகளின் ஒரு முனையும் பக்கத்திலிருந்த டிரைவரின் மைனஸில். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றரை மீட்டருக்குச் சுமார் 0.05 ஓம், 4 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் அதிலேயே விழும். அது மட்டும் ஊனோவை ஏமாற்றாது. ஆனால் கடன் வாங்கிய ஆசிலோஸ்கோப்பில், டிரைவர்கள் வெட்டி வெட்டி இழுக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த மைனஸின் 'பூஜ்யம்' ஈட்டி ஈட்டியாகக் குதிப்பதைப் பார்த்தேன். மைனஸ் என்பது மோட்டார் மின்னோட்டம் திரும்பி வரும் பாதை. எர்த் என்பது சாதாரண நேரத்தில் சும்மா இருக்க வேண்டிய ஒயர். இரண்டையும் 'கிரவுண்ட்' என்ற ஒரே பெயரால் அழைத்து நானே குழம்பியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் பிரித்தேன். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒரு பித்தளைப் பட்டை. ஒவ்வொரு டிரைவரிலிருந்தும், பக் கன்வெர்ட்டரிலிருந்தும் தனித்தனி மைனஸ் ஒயர் அங்கே வரும். அந்தப் பட்டையை எர்த்தோடு ஒரே ஓர் இடத்தில் இணைத்தேன். சுவிட்ச் ஒயர்கள் இப்போது ஊனோவுக்கே திரும்புகின்றன. சுவிட்சுகளையும் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகைக்கு மாற்றி ஜிஆர்பிஎல்லில் அதற்கான $5 அமைப்பை 1 ஆக்கினேன். திறந்த சுவிட்சின் நீண்ட ஒயர் ஆன்டெனா போல இரைச்சலைப் பிடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சிக்னலை மேலே பிடித்து வைக்கும் 1 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஸ்பிண்டில் கேபிளின் உலோக உறை இரு முனையிலும் எர்த்தில். சுவிட்ச் கேபிளின் உலோக உறை போர்டு பக்கம் மட்டும்.

அப்படியும் யூஎஸ்பி இணைப்பு எப்போதாவது அறுந்தது. மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் அறுவதில்லை. மூன்று பின் சார்ஜர் வழியாக இரண்டாவது எர்த் பாதை! ஏடியூஎம்4160 சில்லு உள்ள யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின்தொடர்பைப் பிரித்து, தகவலை மட்டும் கடத்தும் கருவி) ஒன்றை இடையில் செருகினேன்.

நேற்று தேக்குப் பலகையில் இரண்டரை மணி நேரம் ஓடியது. ஒரே ஓர் அலாரம். பலகையைத் தவறான மூலையில் வைத்திருந்ததால், கேன்ட்ரி உண்மையாகவே சுவிட்சில் போய் முட்டியது.