வாய்ப் புற்றுக்கு ரேடியேஷன்: மெஷின் நின்ற பிறகு

கடைசி ரேடியேஷன் முடிந்துவிட்டால் மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. மெஷின் நின்றாலும் கதிர் வாங்கிய சதைக்குள் அதன் வேலை உடனே ஓயாது. முடிந்த பிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்களில்தான் வாய்ப்புண்ணும் வலியும் உச்சத்துக்குப் போகும். எனக்கும் அப்படித்தான் ஆனது. பார்க்க வந்தவர்கள் "அதான் எல்லாம் முடிஞ்சுதே, ஏன் இப்படி வாடிப்போயிட்டீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல நாக்கைப் புரட்டவே முடியாது. நல்லவேளையாக, ஒரு சிஸ்டர் இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் வலி இருந்ததே தவிர பயம் இல்லை. அதனால் நானும் முதலில் இதையே சொல்லிவிடுகிறேன். முடிந்த பிறகு மோசமாவது வழக்கம்தான், நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

எனக்கு இடது கன்னத்தின் உள்பக்கம். முதலில் ஆபரேஷன் செய்து, கழுத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். காயம் ஆறியதும் ரேடியேஷன். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுப்பது பெரும்பாலும் 60 முதல் 66 கிரே வரை இருக்கும் (கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறு, ஆறரை வாரம் போகும். முகத்துக்கு அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் வலை மாஸ்க்கைப் போட்டு மேஜையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். கதிர் பாய்வது சில நிமிடம்தான், ஒன்றும் தெரியாது. முதல் வாரம் "இவ்வளவுதானா?" என்று இருந்தது. இரண்டாவது வாரம் ருசி போனது. மூன்றாவது வாரம் வாய் வெந்துபோனது.

வாய்ப்புண்ணுக்கு என்னைக் காப்பாற்றியது விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை, உப்பும் சோடா மாவும்தான். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். வாய்க்குள் தண்ணீரை வைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தால் போதும், வேகமாகக் குலுக்கினால் புண் உரசும். காலையில் எழுந்ததும் செய்கிற முதல் கொப்பளிப்புதான் கொடுமை. ராத்திரி முழுக்கச் சேர்ந்த எச்சில் பசையாக மாறி அண்ணத்திலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். துப்பினாலும் அறாது, நூல் நூலாக நீளும், விரலால் சுற்றி எடுக்க வேண்டியிருக்கும். இதை வெளியே சொல்ல எல்லோருக்கும் கூச்சம். ஆனால் காலையில் வரும் குமட்டலுக்குப் பாதிக் காரணம் இதுதான். சோடா தண்ணீர் அந்தப் பசையை இளக்கிவிடும். கடையில் கிடைக்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் பக்கமே போகக் கூடாது, எரிச்சலில் உயிர் போய்விடும்.

சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு மரத்துப்போக வைக்கும் ஜெல்லை வாயில் வைத்துக்கொள்வேன். மரத்திருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் உள்ளே தள்ள வேண்டும். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: தொண்டை மரத்திருக்கும்போது அவசரமாக விழுங்கினால் புரை ஏறும், கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. உணவு சூடாக இருக்கக் கூடாது. காரம், புளிப்பு, மொறுமொறுப்பு எதுவும் ஆகாது. அரைத்ததையும் மசித்ததையும்தான் சாப்பிட்டேன். அளவு குறைவாக இருந்தாலும் சத்து அதிகமாக இருக்கட்டும் என்று டயட்டீஷியன் சொன்னதால், தண்ணீராக எதைக் கரைத்தாலும் அதில் பாலோ முட்டையோ புரதப் பொடியோ சேர்ந்திருக்கும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு ஸ்பூன்தாங்க, முடிச்சிடுங்க" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடித்துவிடுவேன்.

எடை குறைந்துகொண்டே போனதால் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். டியூப் என்றாலே தோற்றுப்போன மாதிரி சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் பிடிக்காது. உடம்பு புண்ணை ஆற்றச் சத்து வேண்டும், அது வாய் வழியாகப் போனால் என்ன, மூக்கு வழியாகப் போனால் என்ன? ஒன்று மட்டும் முக்கியம். டியூப் இருந்தாலும் தினமும் கொஞ்சமாவது தண்ணீரையோ மசித்ததையோ வாயால் விழுங்க வேண்டும், புரை ஏறுகிறது என்று டாக்டர் தடுத்திருந்தால் தவிர. விழுங்குவதை அடியோடு நிறுத்தினால் அந்தத் தசைகள் வேலையை மறந்து இறுகிவிடும். பிறகு டியூபை எடுத்தாலும் விழுங்க வராமல் போகலாம். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவன், விழுங்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடுவதில் பிரயோஜனம் இல்லை, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். மார்ஃபின் என்றதும் வீட்டில் பயந்தார்கள். டாக்டர் சொன்ன அளவில் எடுத்து, புண் ஆற ஆற அவர் சொன்னபடியே குறைத்து நிறுத்தினேன், ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் மார்ஃபினோடு மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். முதல் நாளே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நாக்கிலோ கன்னத்திலோ வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்து எரிச்சல் திடீரென்று கூடினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு அடிக்கடி வருவது, மருந்துக்குக் கேட்கும். காய்ச்சல் வந்தாலோ தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. பிளேடு வைத்துச் சவரம் செய்யாமல், இறுக்கமான காலர் போடாமல், கொடுத்த க்ரீமை மட்டும் தடவி வந்தேன். இருப்பதிலேயே சீக்கிரம் ஆறியது தோல்தான்.

சரி, தாடைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், ஆனால் புண் வலிக்கிற நேரத்தில் யார் காதிலும் ஏறாத விஷயமும் இதுதான். மென்று தின்ன உதவும் தசைகள் கன்னத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கதிர் பட்டால் அவை மாதக்கணக்கில் மெதுவாக நார்போல இறுகிக்கொண்டே போகும். வலி குறைந்து, புண் ஆறி, எல்லாம் நன்றாகப் போகிறது என்று நிம்மதியாக இருக்கும்போது ஒருநாள் பிரஷ் உள்ளே போகாது. சாதாரணமாக நம் கையின் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்க முடியும். 35 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ போனால் வாய் திறப்பு குறைந்துவிட்டது என்று கணக்கு. எனக்கு ஒரு கட்டத்தில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது ஒரு கட்டு மரக்குச்சி, டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்ப்பார்களே, அதே தட்டைக் குச்சி. எத்தனை நுழைகிறதோ அத்தனையை அடுக்கி, பின்பற்களுக்கு நடுவே வைக்க வேண்டும். பிறகு அடுக்கின் நடுவில் இன்னொரு குச்சியை மெல்லச் செருக வேண்டும். ஒரு குச்சியின் கனம் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் அது உள்ளே நுழையும்போது காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டிலிருந்து நெற்றிப்பொட்டு வரை இழுக்கும். இழுக்கலாம், குத்தக் கூடாது. குத்தினால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். அரை நிமிடம் அப்படியே வைத்திருந்து, எடுத்து, தாடையைத் தளர்த்தி, மறுபடியும். ஒரு நாளில் பல தடவை. வெந்நீர்த் துணியை முதலில் கன்னத்தில் ஒத்தி எடுத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். குச்சியில் எச்சில் ஊறி மரவாடை வரும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் பார்க்கச் சகிக்காது என்பதால் டிவி பார்த்துக்கொண்டே செய்தேன். சில வாரங்களுக்கு ஒரு குச்சிகூட ஏறவில்லை. பிசியோதெரபிஸ்ட், "ஏறலைன்னா பரவாயில்ல சார், இறங்காம இருக்குல்ல" என்றார். முதலில் அது ஆறுதல் வார்த்தை என்று நினைத்தேன். அவர் சொன்னது உண்மை என்பது, பயிற்சியை விட்டுவிட்ட ஒருவரை அங்கேயே பார்த்தபோது புரிந்தது. இப்போது இரண்டரை விரல் நுழைகிறது. இன்றும் விடவில்லை.

கழுத்தில் ஆபரேஷன் செய்த பக்கத்துத் தோள் தொங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இருந்ததற்கும் தனியாகப் பயிற்சி உண்டு. காலையில் தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கியிருப்பது நிணநீர் வடிய வழியில்லாததால். அதை எப்படி நீவிவிடுவது என்றும் பிசியோதெரபியில்தான் கற்றுக்கொடுத்தார்கள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலும் குறைகிறது.

ருசி திரும்பியது வேடிக்கையான கதை. ஒரே நாளில் வரவில்லை. முதலில் உப்பு லேசாகத் தெரிந்தது, அடுத்து புளிப்பு. இனிப்பு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் முதலில் கசப்பாக. இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு ஒரு வருஷம்வரைகூட ஆகிறது. ருசி தெரியாத மாதங்களில் பசியும் இருக்காது, மருந்து குடிப்பதுபோல நேரம் பார்த்துச் சாப்பிட்டால்தான் எடை நிற்கும்.

எச்சில்தான் முழுதாகத் திரும்பவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் எவ்வளவு கதிர் வாங்கின என்பதைப் பொறுத்தது அது. எனக்கு மறுபக்கச் சுரப்பியை ஓரளவு காப்பாற்றியிருந்தார்கள், அதனால் சமாளிக்க முடிகிறது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்கிறேன், உலர்ந்த எதையும் குழம்பாக ஏதாவது ஊற்றித்தான் சாப்பிடுகிறேன். ராத்திரி ஒரு தடவையாவது வாய் காய்ந்து விழிப்பு வரும்.

எச்சில் குறைந்தால் பல் வேகமாகச் சொத்தையாகும். அதனால் தினமும் ஃப்ளோரைடு ஜெல். பல் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கதிர் வாங்கிய தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே அழுக ஆரம்பிக்கலாம். இந்த ஆபத்து வருஷக்கணக்கில் போகாது. ரேடியேஷனுக்கு முன்பே ஆடுகிற பல்லையெல்லாம் எடுத்து, காயம் ஆறும்வரை காத்திருக்க வைத்ததன் காரணம் அதுதான். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டும் மெல்ல மந்தமாகலாம். காரணம் தெரியாத அசதி, குளிர், எடை ஏறுவது என்று வந்தால் ரேடியேஷன் களைப்புதான் என்று விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

செக்கப் நாள் நெருங்கினால் தூக்கம் போவது இன்னும் மாறவில்லை. வாய்க்குள் தட்டுப்படும் ஒவ்வொரு மேட்டையும் நாக்கால் தடவிக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், புதிதாகக் கழுத்தில் கட்டி, புதிதாக ரத்தம் கசிவது, இவை இருந்தால் அடுத்த செக்கப்வரை காத்திருக்காதே என்று டாக்டர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். மற்றதை அவரிடமே விட்டுவிடுவது என்று தீர்மானம், பாதி நாள் நடக்கிறது.

சிகிச்சை முடித்து அனுப்பும்போது எத்தனை கிரே, எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று எழுதிய சுருக்கத் தாளைக் கேட்டு வாங்கி, அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறப்பதற்கு முன் அதைத்தான் காட்டுகிறேன். பல்லைப் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால், ரேடியேஷன் கொடுத்த டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுவேன்.