திரும்பி வந்த ஐம்பது டொலர்

கூடை எங்கள் வரிசைக்கு வந்ததும் அம்மா ஐம்பது டொலர் தாளொன்றை மடித்து அதில் போட்டார். டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறை. போதையிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் இடம். என் மகனுக்கு ஒரு வருடம் நிறைந்ததால் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும், அவனுக்கு வழிகாட்டியாக இருக்கும் பெரியவர் அந்தத் தாளை அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தார். உறுப்பினர் அல்லாதவர்களிடம் காசு வாங்குவதில்லையாம். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அர்ச்சனைத் தட்டில் வைத்ததை ஐயர் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பண்டகசாலை வேலையில் முதுகு பிடித்துக்கொண்டதற்கு எடுத்த வலிமாத்திரையில் தொடங்கி, தெருவில் விற்கும் மாத்திரை வரைக்கும் போனவன் என் மகன். போதை மிஞ்சி மூச்சு அடங்கினால் உயிர் மீட்க மருந்தகத்தில் இலவசமாகக் கொடுக்கும் நலொக்சோன் மூக்கு மருந்தை அம்மா சுவாமித்தட்டில் திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஊரில் என்றால் இப்படிப்பட்ட பிள்ளையை அறைக்குள் பூட்டிவிட்டு, கேட்பவர்களிடம் "கொழும்பில் வேலை" என்றிருப்போம். இங்கேயோ, மறுபடி விழுந்து முதல் நாளிலிருந்து தொடங்குகிறவனுக்கு வெள்ளைச் சாவிவளையம் ஒன்றைக் கொடுத்து, மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் பலமாகக் கைதட்டுகிறார்கள். என் மகனும் மீண்டும் மீண்டும் அதை வாங்கியவன்தான். அப்போதெல்லாம் பக்கத்துக் கதிரையில் அந்தப் பெரியவர் இருந்தார். நடுச்சாமத்தில் அழைத்தாலும் எடுப்பார். புத்திமதி கிடையாது, "சாப்பிட்டாயா?" என்பதுதான் முதல் கேள்வி. பசி, கோபம், தனிமை, களைப்பு: ஆளைச் சறுக்க வைப்பது இந்த நான்கில் எது என்று முதலில் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? வேட்டி சால்வை கொடுத்துப் பார்த்தோம், சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். செல்வச்சந்நிதியானுக்கு அன்னதானம் நேர்ந்திருந்தார் அம்மா. முருகனுக்குக் கொடுக்க வழி இருக்கிறது, இந்த மனிதருக்கு இல்லையே என்று புலம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை இறக்கிவிட வந்தவர் வாசலிலேயே நின்று மோப்பம் பிடித்தார். உள்ளே கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. மாடிக் குடியிருப்பில் கருவாடு பொரிப்பது களவு வேலை. கதவிடுக்கில் ஈரத்துவாய் செருக வேண்டும். புகைமணி அலறாமலிருக்க ஒருவர் விசிறிக்கொண்டே நிற்க வேண்டும். நான் விசிறியும் கையுமாக அசடு வழிய, அவர் நேரே போய்ச் சட்டியை எட்டிப் பார்த்தார். மனிதர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்! கனடாவின் கிழக்கே, கொட் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் கரையில் பிறந்தவர். 1992இல் மீன் அருகிப்போய், கொட் பிடிப்பதற்கே அரசு தடை போட்டபோது ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் பிழைப்பை இழந்தார்களே, அவர்களில் ஒருவர். டொரொன்டோவுக்கு வந்த பிறகுதான் அவரும் போதைக்குள் போயிருக்கிறார்.

நாங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. 1990இல் போரால் கடலை விட்டு ஓடிவந்தவர்கள். துறைமுகத்தை இராணுவம் 2017இல்தான் திருப்பிக் கொடுத்தது. மகனின் அரைகுறைத் தமிழை நடுவில் வைத்துக்கொண்டு, எவ்வளவு உப்பு, எத்தனை வெயில், மழை இருட்டினால் எதைப் போட்டு மூடுவது என்று அம்மாவும் அவரும் விடாமல் பேசினார்கள். பனி தள்ளப் பழகிவிட்டேன், ஊர் நினைப்பு இப்போது அவ்வளவாக வருவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறவள் நான். அன்று பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தவள், ஓலைப்பாயில் காயும் சூடை மீனுக்குக் காகம் வராமல் பூவரசந்தடியுடன் காவல் இருந்த சிறுமியாகவே நின்றுவிட்டேன். தண்ணீர் தொட்டியை நிறைத்து வழிந்து காலை நனைத்தது.

அன்று அவர் எதையும் மறுக்கவில்லை. கருவாட்டுக் குழம்புக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா எனக்குக்கூட அப்படிப் பரிமாறியதில்லை.

கோடையில் ஊருக்குப் போய்வந்தவர் உப்பிட்ட கொட் மீன் ஒரு பொதி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு சரி. வெயில்தான் காணாது" என்றார். மகன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான்.