ஹார்ட் டிஸ்க்கை மாற்றும் முன் எந்த மென்பொருளால் இமேஜ் எடுப்பது?

பழைய மடிகணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான புதிய வகை டிஸ்க்கைப் பொருத்தினால் அது இன்னும் சில வருடங்களுக்கு உழைக்கும் என்பது இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கணினி திருத்துபவர்கள் எவரும் சொல்லும் ஆலோசனை; சரியான ஆலோசனையும்கூட. ஆனால் வேலையைக் கடையில் ஒப்படைத்தால், பெரும்பாலும் புதிய டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, பழையதிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி செய்து தருவார்கள். தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் என் அக்காவுக்கு அது போதாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பயிற்சித் தாள்களை அவர் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள், அச்சுப்பொறியின் அமைப்புகள், புள்ளிப் பதிவேடு, எங்கள் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழை ஸ்கேன் செய்த பிரதி ஆகிய எல்லாம் இருந்தது இருந்தபடியே புதிய டிஸ்க்குக்குப் போக வேண்டுமானால், டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுப்பதே வழி. விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு மட்டுமே 5 ஜிபியைத் தாண்டும் நிலையில், அதையும் பின்னால் வரும் அப்டேட்களையும் கைப்பேசி டேட்டாவில் இறக்கும் சிரமமும் இதனால் இல்லாமற் போகிறது.

அதற்கு இரண்டு முறைகள் உண்டு. குளோன் என்பது பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு நேரடியாகப் பிரதி எடுப்பது. இமேஜ் என்பது பழைய டிஸ்க்கின் உள்ளடக்கத்தை மூன்றாவதொரு வெளி டிஸ்க்கில் கோப்பாகச் சேமித்து, பின்னர் அதைப் புதிய டிஸ்க்கில் விரிப்பது. குளோன் விரைவானது என்று பலர் அதையே விரும்புகிறார்கள். நான் இமேஜின் பக்கமே நிற்கிறேன். குளோன் செய்யும்போது மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தேர்ந்தால் வெறும் டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டு எல்லாம் அழிந்துவிடும். இமேஜ் எடுக்கும்போது பழைய டிஸ்க் வாசிக்கப்படுகிறதே தவிர அதில் எதுவும் எழுதப்படுவதில்லை. விரிக்கும் நேரத்திலோ அது கணினியை விட்டே வெளியே வந்திருக்கும். பிறகும் அந்த இமேஜ் ஒரு காப்புப் பிரதியாகக் கையில் எஞ்சுகிறது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு அழகாகப் பிரதி எடுக்கிறது என்பதை விட, விண்டோஸே இயங்காத கணினியில் அந்தப் பிரதியை அது எப்படித் திரும்பக் கொண்டுவருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி வெறுமையாக இருக்கும்; அதிலிருந்து எதுவும் தொடங்காது. ஆகவே யூஎஸ்பியிலிருந்து தானே தொடங்கக்கூடிய மீட்பு ஊடகம் இல்லாத மென்பொருளை நான் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஊடகத்தால் கணினியைத் தொடங்கி, பழைய டிஸ்க்கும் வெளி டிஸ்க்கும் அதற்குத் தென்படுகின்றனவா என்பதை, திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

நீண்ட காலம் பலரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு எங்கோ ஒரு தளத்திலிருந்து அதை இறக்குவதை நான் விரும்பவில்லை. சாம்சங் தரும் இடமாற்ற மென்பொருள் சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டுமே பிரதி எடுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல், குரூஷியல் போன்ற நிறுவனங்கள் தமது டிஸ்க்குகளை வாங்குபவர்களுக்கு அக்ரோனிஸ் என்ற காப்புப் பிரதி மென்பொருளின் பதிப்பொன்றை இலவசமாகத் தருகின்றன. வாங்கிய டிஸ்க் அந்த வகையாக இருந்தால் அது நல்ல தேர்வே. இலவசம் என்று அழைத்துவிட்டு இறுதிப் பொத்தானை அழுத்தும்போது பணம் கேட்கும் மென்பொருள்களும் உண்டு. ஒரு பரிசோதனை ஓட்டத்திலேயே அவற்றின் குணம் தெரிந்துவிடும்.

எனக்கு எஞ்சியவை குளோன்ஸில்லாவும் ரெஸ்கியூஸில்லாவும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், யூஎஸ்பியிலிருந்து இயங்குபவை, இணையமோ கணக்கோ கேட்பதில்லை. தைவானில் உருவான குளோன்ஸில்லா, விண்டோஸ் தன் கோப்புகளை வைக்கும் என்டிஎஃப்எஸ் வகைப் பகுதியில் (பார்ட்டிஷனில்) தரவு உள்ள இடங்களை மட்டுமே வாசிக்கிறது. அதனால் 500 ஜிபி டிஸ்க்கில் 200 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால், வினாடிக்கு 80 எம்பி வேகத்தில் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வெளி டிஸ்க்கை யூஎஸ்பி 2 துளையில் செருகினால் அதே வேலை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் பிடிக்கலாம். எடுத்த இமேஜ் விரிக்கத்தக்கதா என்று இறுதியில் தானே சோதித்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. நேரம் செலவானாலும் அதை விட்டுவிடக் கூடாது. அதன் திரை எழுத்துகளால் மட்டும் ஆனது. சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பழகியவர்களுக்கு ரெஸ்கியூஸில்லா இலகுவானது. குளோன்ஸில்லா எடுத்த இமேஜையும் அது விரிக்கும். அக்காவின் கணினிக்கு நான் தேர்ந்தது ரெஸ்கியூஸில்லாவைத்தான், அடுத்த முறை அவரே செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

அளவு விடயத்தில் கவனம் தேவை. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகக் கடைகளில் 480 ஜிபி எஸ்எஸ்டியைத் தருவது வழக்கம். முன்னதன் கொள்ளளவு 500,107,862,016 பைட். பின்னதன் கொள்ளளவு 480,103,981,056 பைட். உள்ளே 200 ஜிபிதான் இருக்கிறது என்றாலும், இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறிதாக இருந்தால் குளோன்ஸில்லா வழமையான தெரிவுகளில் விரிக்க மறுக்கும். பகுதிகளைச் சுருக்கிச் சமாளிக்கலாம்தான்; ஆனால் விண்டோஸின் மீட்புப் பகுதி டிஸ்க்கின் கடைசியில் அமர்ந்திருக்கும் கணினிகளில் அது தலைவலி. 512 ஜிபி அல்லது 1 டிபி வாங்குவதே நிம்மதி.

இமேஜ் எடுப்பதற்கு முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்றதொரு கருவியால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். அதன் திரையில் டிஸ்க்கின் பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் மூல மதிப்பு பூச்சியமாக இருந்தால் மேற்சொன்ன வழி போதும். சி5 வரியின் எண் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கில் வாசிக்க முடியாத இடங்கள் உண்டாகின்றன என்று பொருள். அப்போது சாதாரண இமேஜ் மென்பொருள் பாதியில் நின்றுவிடக்கூடும். அந்த நிலைக்கு, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளே ஏற்றது. நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வருவது அதன் முறை. எடுத்தது எது, எடுக்காதது எது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத எங்கள் பகுதிகளில் இது பெரிய உதவி. மடிகணினியின் மின்கலம் செத்திருந்தால் மின்னல் நாட்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தவுடன் டிஸ்க் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் வசதி, தானாகவே இயங்கத் தொடங்குகிறது; உரிமையாளருக்கே அது தெரிந்திருப்பதில்லை. பூட்டிய டிஸ்க்கில் எது வெற்றிடம் என்பது வெளியிலிருந்து தெரியாததால், முழு டிஸ்க்கையும் பிட் பிட்டாக எடுக்க நேரிட்டு இமேஜ் பெருத்துவிடும். ஆகவே மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அமைப்புகளில் குறியாக்கத்தை நிறுத்தி, அது முழுமையாக அவிழ்ந்த பிறகே இமேஜ் எடுக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் எல்லாம் சரியாக இயங்கியதும் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

கணினி புதிய டிஸ்க்கிலிருந்து தொடங்கியவுடன் பழையதை ஃபோர்மட் செய்து வெளி டிஸ்க்காகப் பயன்படுத்தச் சொல்வார்கள். ஒரு பாடசாலைத் தவணை முடியும் வரையிலாவது அதைத் தொடாமல் வைத்திருக்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். புள்ளிப் பதிவேடு திறக்கிறதா, பாமினித் தாள்கள் சரியாக அச்சாகின்றனவா என்பதெல்லாம் தவணைப் பரீட்சை வேலைகள் வரும்போதுதான் முழுமையாகத் தெரியவரும்.